முப்பத்தேழாவது ஒத்திகை

சூப்புக் கிண்ணம்தான் நிலா. அதைச் சுற்றி இரண்டு மந்தோ ரொட்டிகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார் பெய் ஷ்யூசின்.

"முன்னால போறதைப் பிடிக்கணுமா? பிரேக்கைப் போடு. கீழ இறங்கும், சுத்து சின்னதாகும், தானா எட்டிப் பிடிச்சிடும்."

எட்டு வருஷமாகப் பக்கத்து மேசைக்காரன் நான். தலையை ஆட்டுவேனே தவிர, இன்றுவரை ஒரு மண்ணும் விளங்கியதில்லை.

நிலவைச் சுற்றியபடியே இரண்டு விண்கலங்கள் நெருங்கிக் கோத்துக்கொள்வதைக் கணினியில் ஒத்திகை பார்ப்பது பெய் அக்காவின் வேலை. பெய்ஜிங்கிலேயே இதில் கை தேர்ந்தவர் என்பார்கள். தேநீர்க் குடுவைக்கு மூடியை ஒரே திருகில் பொருத்த மட்டும் அவருக்கு வராது. நடைவழியில் முன்னால் போகிறவரை முந்தவேண்டுமென்றால் சட்டென்று நின்றுவிடுவார். பின்னால் வருகிற நான் முட்டிக்கொள்வேன்.

இந்த மாதம் அக்காவே குழம்பிப்போனார். முப்பத்தேழாவது ஒத்திகையில், கொக்கிகள் பற்றும் நொடியில், ஒரு கலம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏன்? யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் எந்தப் பிழையையும் 'பூஜ்யமாக்க' வேண்டும்: காரணத்தைக் கண்டு, அதே பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டிய பிறகுதான் தாளில் அக்காவின் கையெழுத்து. மேற்கொண்டு இருநூறு முறை ஓட்டியாயிற்று. சனியன், திரும்ப வரவே இல்லை.

நாளை மறுநாள் சீனப் புத்தாண்டு. கையெழுத்து விழாவிட்டால் குழுவில் ஏழு பேருக்கும் ஊர் கிடையாது. அக்காவைவிடப் பத்து வயது இளைய குழுத் தலைவர் ஜுவாங் தாளோடு வந்து நின்றார்.

"அக்கா, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிடுச்சு, அவ்வளவுதான். போட்டு விடுங்க."

"சிமிட்டுனது யாரு ஜுவாங்? கலமா, கணினியா, நானா? அதைச் சொல்லு, போடுறேன்."

"அதான் தெரியலையே!"

"எனக்கும் தெரியலையேப்பா. மேல நிஜமா போய் சிமிட்டுனா, யாரைக் கேக்குறது?"

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நானும் டிக்கெட் எடுத்திருந்தேன். அக்கா செய்வது சரியா தவறா, எதுவும் பிடிபடவில்லை.

அக்காவின் மகள் ஹார்பினில் இருக்கிறாள்; பார்த்து இரண்டு வருஷம். அவளுக்காக வாங்கிய எள்ளுமிட்டாய்ப் பெட்டி, சிவப்பு ரிப்பனோடு மூன்று நாளாக மேசையில் காத்திருந்தது.

அக்கா தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பேனாவை மூடிக் கொண்டையில் செருகினார். ரிப்பனை உருவி, பெட்டியைத் திறந்து எங்கள் நடுவில் தள்ளிவிட்டு, இருநூற்று முப்பத்தெட்டாவது ஒத்திகைக்குப் பொத்தானை அழுத்தினார்.