வருமுகம் இல்லாத கற்கள்

மலையடி விடுதியின் துணி அறையில் பத்தொன்பது வருடமாக விரிப்பு துவைத்து மடிக்கும் அவளை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாக, மஞ்சள் பெயிண்ட் டப்பாவைக் கிழிந்த விரிப்பில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறக் கிளம்பினால், சமையற்காரர் சும்மா இருப்பாரா?

"என்ன பூனை, வேலைக்கு மட்டமா?"

"லீவு சொல்லிட்டேண்ணே."

"துணைக்கு யாரு?"

அவள் நாயைக் காட்டினாள்.

"துரையா? சரியாப்போச்சு. அவனுக்கே ஒரு துணை வேணும்." இரண்டு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "பெருசு அவனுக்கு. மாத்திக் குடுத்துடாத, கோச்சுக்குவான்."

அவள் சிரித்து வைத்தாள்.

முந்தின நாள் மாடி அறைக்கு ஒரு பெண் வந்து தங்கியிருந்தாள். போன மழைக்காலத்தில் மேலே உள்ள குடிலிலிருந்து இறங்கும்போது வழி தவறி, மூன்றாம் நாள் பள்ளத்தில் பிணமாகக் கிடைத்த வாத்தியாரின் அக்கா. அவர் குடித்துவிட்டுத் தடுமாறினார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த அக்கா நேரே துணி அறைக்கு வந்து, மடிக்கிற விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாதைக்குக் குறி போட்டது உங்க வீட்டுக்காரர்தானே? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அங்க குறி இருந்துச்சா, இல்லையா?"

"நாளைக்கு சாயங்காலம் சொல்றேங்க" என்றாள் அவள்.

அவள் புருஷன்தான் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டவர். இருநூறு அடிக்கு ஒரு கல். ஏறுகிறவர் கண்ணில் படும் பக்கம் போகுமுகம். இறங்குகிறவர் கண்ணில் படும் பக்கம் வருமுகம். முன்பெல்லாம் ஏறி மறுபுறம் இறங்கிப் போய்விடுவார்கள் என்பதால் போகுமுகத்துக்கு மட்டும்தான் மஞ்சள் பூச்சு. இரண்டு வருடத்துக்கு முன், இனி வந்த வழியே திரும்பவும் செய்யலாம் என்று வனத்துறை ஆபீஸ் சொன்னது. வருமுகத்துக்கும் அடிக்கச் சொன்னார்கள். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் ஒரு மாதம் போல நாயோடு போய் வந்து, முடிந்தது என்றார்.

வாத்தியார் செத்த பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் அடிச்சேன்ல?" என்பார். "அடிச்சீங்க" என்பாள். நாலு மாதம், தினமும் ஒரு தடவை. அப்புறம் நெஞ்சு நின்றுபோனது.

அவள் பார்த்ததில்லை. பார்க்கத்தான் இப்போது போகிறாள். இருந்தால் இருந்தது என்று நிமிர்ந்து சொல்லலாம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் பையில் டப்பா.

ஒவ்வொரு கல்லையும் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். அவர் கை அவளுக்குத் தெரியும், முனையில் சற்றே மேலே இழுத்துவிடும் கை. பத்துக் கல், இருபது கல் என்று போகப்போக மனசு லேசானது. துரை பக்கத்தில் வந்தது, ஆனால் ஒட்டி வரவில்லை. நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு வந்தது. பாதை குறுகும் இடத்திலும் புதரை உரசிக்கொண்டு நடந்ததே தவிர, அந்த இடத்துக்குள் வரவில்லை.

முப்பத்திரண்டாம் கல் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிறது. அங்கே துரை பாதையை விட்டு விலகி, பெரிய பாறை ஒன்றின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"வாடா. இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு."

காதைக்கூட அசைக்கவில்லை. வேலை முடிந்த ஆள் மாதிரி முன்கால்மேல் தலையை வைத்துக்கொண்டது. அவள் இழுக்கப் போனவள் பாறை இடுக்கைப் பார்த்தாள். இருமலுக்கு அவர் சப்புகிற மிட்டாயின் தாள்கள். நாலாக மடித்து மடித்துச் செருகியிருந்தார். நூறாவது இருக்கும். ஒரு நாளில், இரண்டு நாளில் தின்றதில்லை அவ்வளவும்.

ஒரு மாதமும் அவர் வந்து உட்கார்ந்த இடம் இதுதான்.

அவள் தனியாக ஏறினாள். அடுத்த கல்லைத் தாண்டித் திரும்பினாள். சாம்பல் நிறப் பாசி, உள்ளங்கை அகலத்துக்கு. பெயிண்ட்டைக் கண்டிராத கல். குடில் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் பதினொரு கல். பதினொன்றும் அப்படியே. வாத்தியார் செத்தபோது விசாரிக்க வந்த ஆபீஸ்காரர் கீழேயே நாலு கல்லைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நல்லாத்தான்யா இருக்கு" என்று திரும்பிவிட்டார்.

ஏறும்போதே மூடுபனி இறங்கியிருந்தது. நடுவே ஓரிடத்தில் பாதை பிரிந்தது. ஆடுகள் போட்ட தடம் நிஜப் பாதையைவிட அகலமாக, வா என்பதுபோல் பள்ளத்துக்குள் இறங்கியது. ஓடைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. வாத்தியார் இங்கேதான் நின்றிருப்பார். எந்தக் கல்லைப் பார்த்திருப்பார்? அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஆடாக இருக்கலாம். அவள் திரும்பவில்லை.

கடைசிக் கல்லருகே போய் டப்பாவைத் திறந்தாள். பாசியைச் சுரண்டிவிட்டு அடித்தால் ஒரு மணி நேர வேலை. ஈ காக்கைக்குத் தெரியாது. செத்துப்போன மனுஷனின் பெயரும் நிற்கும். நாளை இந்த வழியில் வருகிறவரும் பிழைப்பார். பிரஷ்ஷை முக்கினாள். பெயிண்ட் சொட்டுச் சொட்டாக டப்பாவுக்குள்ளேயே விழுந்தது. பார்க்காமல் நாலு மாதம் 'அடிச்சீங்க' என்றது ஒரு பாவம் என்றால், பார்த்த பிறகு சொல்வதற்கு என்ன பெயர்?

மூடியை அழுத்தி மூடினாள். ஆனால் அடுத்து இறங்குகிறவர்? டப்பாவைச் சுற்றியிருந்த விரிப்பை விரித்துப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பதினொரு வெள்ளைப் பட்டை. ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும், இறங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற செடியில் கட்டிக்கொண்டே இறங்கினாள்.

பாறையடியில் துரை எழுந்து வாலை ஆட்டியது. அவளைப் பார்த்து அல்ல, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து.

"வாங்க, போலாம்" என்றாள்.

நாயை அவள் என்றைக்குமே வாடா என்றுதான் கூப்பிடுவாள்.

விடுதிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சமையற்காரரும் காவல்காரரும் பக்கத்திலேயே நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஊரெல்லாம் பேசிய பேச்சு, ஊர் கேட்கத்தானே சொல்ல வேண்டும்.

"குறி இல்லீங்க. பதினொரு கல்லுல வருமுகமே இல்ல. உங்க தம்பி மேல தப்பு இல்ல. என் வீட்டுக்காரரால அங்க ஏற முடியல. ஏறலேன்னு வெளிய சொல்லவும் முடியல."

அக்கா முந்தானையால் முகத்தை மூடினாள்.

"எங்கப்பாகூட அவன் குடிச்சிருப்பான்னே நம்பிட்டாரு" என்றாள். "இதை ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன். கல்லை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். அவங்க வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இறங்குறவங்களுக்கு அடையாளமா துணி கட்டியிருக்கேன்."

"காத்துல பறந்துடாதா?"

"ரெண்டு முடிச்சு போட்டிருக்கேங்க."