ஏடனில் ஒன்பது நாளும் இருபது கை மிளகும்

மிளகு அளப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எண்ணிக்கை போய்விடும். அளக்கிற வள்ளமோ படியோ பிடித்துப் பிழைத்த எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். சரியாகப் பன்னிரண்டாவது வள்ளம் விழும்போதுதான் ஒருவர் வந்து, "ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்பார். பதில் சொன்னால் அடுத்தது பதின்மூன்றா பதினான்கா என்று திகைக்க வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வரும். நான் தலைக்கனத்தை ஏற்றுக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டினேன். இயல்பிலேயே கூச்சம் உள்ளவனுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

நான் கொல்லிமலையின் குண்டனி நாட்டில் பிறந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மலைக்கு ரோடு வராத காலம் அது. தலைச்சுமையாக இறங்கும் மிளகை அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில், ராவுத்தரின் மண்டியில் அளந்து சாக்கில் போடுவது என் வேலை. சாக்குக்கு இருபது வள்ளம். வள்ளத்துக்கு ஏழரை ராத்தல் என்பது பழைய கணிப்பு. அதன்படி ஒவ்வொரு சாக்கின் மேலும் நூற்றைம்பது ராத்தல் என்று மையால் எழுதுவேன். உள்ளூரில் வாங்குபவர்களும் வள்ளத்தில்தான் வாங்கினார்கள். என் எழுத்தை யாரும் தராசில் ஏற்றிப் பார்த்ததில்லை. ஏடனில்தான் பார்த்தார்கள்.

ஓய்வு என்றார் ராவுத்தர்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. ராவுத்தரின் தங்கை கதீஜாவை, ஏடன் துறைமுகத்தில் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் பாய்க்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காசிம் பாயும் எங்கள் பக்கத்துக்காரர்தான். இரண்டு வருடமாக எங்கள் மிளகு அவர் கடைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு, "வெள்ளையா, நீ லீவு போட்டு நான் பாத்ததில்ல. மச்சான் கூப்புடறாரு. ஏழு நாள் டவுனு, ரெண்டு நாள் பாலைவனம். வா, சும்மா சுத்திப் பாத்துட்டு வரலாம்" என்றார். எனக்கு ஓய்வெடுத்துப் பழக்கமில்லை. ஆனாலும் முதலாளி சொன்னால் ஓய்வும் வேலைதானே என்று கிளம்பினேன்.

பம்பாயில் கப்பல் ஏறி மூன்றாம் நாள்தான் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். காசிம் பாய் எழுதியிருந்தார்: ஒவ்வொரு சாக்கும் எழுதியதைவிட இரண்டரை ராத்தல் கூடுதலாக நிற்கிறது. குறைந்திருந்தால் வழியில் சிந்தியது என்று விட்டுவிடலாம். கூடினால் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்துக்கு வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் அளக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊர் பார்த்த மாதிரியும் இருக்கும், பேசின மாதிரியும் இருக்கும்.

மலையில் பதினொரு ஊர் மிளகு அந்த ஒரு கடையை நம்பிக் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளித்த கை என்றால் அது என் கைதான். எங்கள் மண்டியில் வேறு கை சாக்கைத் தொடாது. "ஏழு வெயில் காயாத மெளகு என் வள்ளத்துல ஏறாதுங்க மொதலாளி" என்றேன். அதற்கு மேல் பேச எனக்கு வரவில்லை. பயமும் வரவில்லை. ராவுத்தர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒன் மேல சந்தேகம் இல்ல வெள்ளையா. ஆனா மச்சான் தராசு பொய் சொல்லியும் நான் பாத்ததில்ல."

தண்ணீர் வண்டி

ஏடன், அணைந்த எரிமலையின் வாய்க்குள் கட்டிய ஊர். சுற்றிலும் கரிய பாறை. ஒரு பச்சை இலையைப் பார்க்க நான் தெருத் தெருவாகத் தேடினேன். முதல் நாளில் கண்ணில் பட்டவை ஏழு மரங்கள். அதில் இரண்டு பட்டுப்போனவை. காசிம் பாய் எங்களை நன்றாகத்தான் கவனித்தார். துறைமுகம், கடைவீதி, மழைத் தண்ணீரைப் பிடிக்கப் பாறையில் வெட்டிய பழைய தொட்டிகள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மிளகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போது சோற்றில் கிடந்த ஒரு மிளகை எடுத்து, விரலால் நசுக்கி, முகர்ந்து, தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்த விரல் என்னையே நசுக்கியது போல் இருந்தது.

அங்கே ஒட்டகம் வண்டி இழுக்கும். தண்ணீரைப் பீப்பாயில் ஏற்றி வந்து வீட்டுக்கு வீடு ஊற்றினார்கள். எங்கள் தெருவில் பீப்பாயைத் திறந்தபோது ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. நான் ஒட்டகக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இருந்தால் அவரை எங்கள் தொழிலில் சேர்த்துக்கொண்டிருப்போம். அந்தத் துணிச்சலில் காசிம் பாயிடம் கேட்டேன்: "தண்ணி இத்தன அருமையா இருக்கற ஊருக்கு நான் தண்ணி அனுப்புவனுங்களா?" அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "அருமையான சாமானாச்சேன்னுதான் அனுப்புனீங்களோ என்னமோ, யாரு கண்டா."

ஊதி ஊதிக் குடித்தது

நான்காம் நாள் கடைவீதியில் ஒரு கிழவர் சிறிய மண் கோப்பையில் சூடாக ஒன்று கொடுத்தார். இஞ்சி மணத்தது. நிறம் வெளுத்த தேன் மாதிரி. ராவுத்தர் ரசித்து இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இது என்ன பானம் என்று கேட்டார். கிழவர் ஒரு சாக்கைத் திறந்து காட்டினார். காப்பிப் பழத்தின் காய்ந்த தோல். மலையில் கொட்டையை எடுத்துக்கொண்டு நாங்கள் தள்ளிவிடுவது. அந்தச் சாக்கில் கொட்டை ஒன்றுகூட இல்லை; நான் கை விட்டுத் துழாவிப் பார்த்தேன்.

ராவுத்தர் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை, வாய்க்குக் கொண்டு போகவுமில்லை. பிறகு மூன்றாவது கோப்பையும் வாங்கினார். "வருசா வருசம் எருக்குழிக்குப் போட்டத, கடல் தாண்டி வந்து ஊதி ஊதிக் குடிக்கறம் பாரு. இத ஊருல சொன்னீன்னா ஒன்ன நான் இங்கயே உட்டுட்டுப் போயிருவேன்."

கதீஜாம்மாவின் அரிசிப் பானை

பாலைவனம் கிளம்பும் அன்று காலையில் கதீஜாம்மா வழிக்குக் கட்ட அரிசி எடுத்துக்கொண்டிருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு முள்ளாக இருந்தது. நான் அளக்கிறேன் என்றேன். அவர் வீட்டில் டம்ளர்தான் இருந்தது. டம்ளரோ வள்ளமோ, கை தன் வேலையைச் செய்தது. ஆறு டம்ளர் போட்டேன். ஒவ்வொரு டம்ளருக்குப் பின்னாலும் மேலே கொஞ்சம் அள்ளிப் போட்டேன். மலைக்காரர் எல்லோரும் அப்படித்தான். மலை இறங்கும்போது வழியில் சிந்துமே, அதற்காக அளவுக்கு மேல் ஒரு கை. போடாமல் விட்டால் அளந்த மாதிரியே இருக்காது.

"ஏண்ணா, ஆறு டம்ளரு கேட்டா ஏழு போடறீங்களே" என்றார் கதீஜாம்மா.

"இல்லீங்கம்மா, ஆறுதான் போட்டேன்" என்றேன். உண்மையாகவே ஆறுதான் எண்ணியிருந்தேன்.

அவர் பானையை மூடிக்கொண்டே சிரித்தார்: "எங்க அப்புச்சி மளிகைக்குச் சாமான் குடுத்த மலைக்காரங்களும் இப்படித்தான், வாயி ஒண்ணு எண்ணும், கை ஒண்ணு எண்ணும்."

நான் அதைக் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை.

மணலில் இரண்டு பை

வண்டி ஏறும்போதுதான் காசிம் பாய் விஷயத்துக்கு வந்தார். அவர் கையில் இரண்டு பைகள். ஒன்று எங்கள் மிளகு. மற்றது நம் நாட்டு மேற்குக் கரையிலிருந்து வந்த மிளகு. சுத்தமாகக் காய்ந்தது என்று அவர் நம்பிய சரக்கு. பைக்குப் பதினைந்து ராத்தல், கடைத் தராசில் என் கண்முன் நிறுத்தார். பாலைவனத்து வெயிலில் இரண்டு நாள் காயவைப்போம், தண்ணீர் இருந்தால் உங்களுடையது அதிகமாக இளைக்கும், அதோடு பேச்சு முடிந்தது என்றார். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நகரத்தைத் தாண்டி உப்பளங்கள். அதையும் தாண்டினால் மணல். நான் எண்ண நினைத்துக் கைவிட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். காற்று ஒரு மேட்டைக் கரைத்துப் பக்கத்தில் இன்னொன்றாகக் கொட்டிக்கொண்டே இருந்தது, அளந்து அளந்து போடுகிற மாதிரி. கூடாரத்துக்கு முன்னால் இரண்டு பாய் விரித்து, தனித்தனியாக மிளகைப் பரப்பினோம். ராவுத்தரும் காசிம் பாயும் பேரீச்சம்பழம் தின்றுகொண்டு ஊர்க் கதை பேசினார்கள். நான் பாயருகில் உட்கார்ந்து மணிக்கொரு முறை கிளறிவிட்டேன். இதுதான் எனக்குக் கிடைத்த ஓய்வு.

இரண்டாம் நாள் மதியம் எங்களோடு வந்த ஒட்டகம் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பாயில் மூக்கை வைத்தது. வைத்து, தும்மியது. பாயின் ஒரு மூலை முழுவதும் மணலுக்குப் பறந்தது. சிந்தியது இளைத்ததாகக் கணக்கில் ஏறினால் என் கதி என்ன? நான் சொல்லாமலே காசிம் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் முட்டி போட்டார். மூன்று பேரும் பொறுக்கினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு மிளகு. அதில் அவர் பொறுக்கியது நூற்று நாற்பது. அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

திரும்பி வந்து கடைத் தராசில் நிறுத்தோம். எங்கள் பை கால் ராத்தல் இளைத்திருந்தது. மேற்குக் கரைப் பையும் அதே கால் ராத்தல். காசிம் பாய் தட்டை மாற்றி மாற்றி மூன்று முறை நிறுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "தண்ணி இல்லீங்க, ஒத்துக்கறேன். அப்ப சாக்குக்கு ரெண்டரை ராத்தல் எங்கிருந்துங்க வருது? காரணம் தெரியாத சரக்க நான் வாங்க மாட்டேன், அது கூட வந்தாலும் சரி."

இருபது கை

ஒன்பதாம் நாள். மறுநாள் கப்பல். ராவுத்தர் பெட்டியைக் கட்டிவிட்டு, கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பதினொரு ஊருக்கு என்ன சொல்வது என்று அவர் யோசிப்பது தெரிந்தது. உள்ளே கதீஜாம்மா மதியத்துக்கு அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. டம்ளர் டம்ளராக, மேலே ஒன்றும் விழாத சத்தம். அந்தக் குறையைத்தான் என் காது முதலில் பிடித்தது. பிறகு என் வலது கையைப் பார்த்தேன்.

எழுந்து கடைக்குள் போனேன். காசிம் பாயைக் கூப்பிட்டேன். நானாக ஒருவரைக் கூப்பிட்டது எனக்கே புதிது. "சாக்குக்கு இருபது வள்ளமுங்க. வள்ளத்துக்கு மேல ஒரு கை போடுவேன். உள்ளூர்ல வள்ளம்னாலே அந்தக் கையோட சேத்துத்தானுங்க. அத நான் எண்ணறதும் இல்ல, எழுதறதும் இல்ல. இருபது கைய நிறுத்துப் பாருங்க" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே மூச்சில் நான் பேசியது அதிகபட்சம் அவ்வளவுதான்.

காசிம் பாய் முதலில் தன் கையால் இருபது அள்ளித் தராசில் போட்டார். இரண்டு ராத்தலுக்குக் கொஞ்சம் குறைந்தது. பெட்டியை விட்டு எழுந்து வந்த ராவுத்தர் தன் பெரிய கையால் அள்ளினார். மூன்றேகால். அவர் முகம் வாடிவிட்டது. "நகருங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு நான் அள்ளினேன். அவசரப்படவில்லை. மண்டியில் எப்படியோ அப்படியே. இருபதாவது கை விழுந்ததும் முள் ஆடி, நின்றது. இரண்டரை.

ராவுத்தர் தராசுக்கு முன்னால் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். காசிம் பாய் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை ஒரு சரக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடுத்த பருவத்துக்கும் எங்கள் மிளகே என்றார். இந்த வருடம் முப்பது சாக்கு சேர்த்து அனுப்பச் சொன்னார். கடைசியாக என்னிடம் சொன்னது இது: "அந்தக் கை போடறத உட்டுடாதீங்கண்ணே, எழுதாமயும் இருக்காதீங்க."

வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும் என்று அளப்பவர்களாகிய நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். என் எண்ணிக்கை சரியானது, ஓய்வெடுக்கக் கடல் தாண்டிப் போய் ஒன்பதாம் நாள் வாயைத் திறந்த பிறகுதான்.