எலி விழுந்த வீட்டில் ஒரு பொங்கல்

யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரிக்கும் மைசூரில் ஒரு கல்லூரிக்கும் அப்போது ஓர் ஏற்பாடு இருந்தது. அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து ஒரு வருடம் படிப்பார். இங்கிருந்து ஒருவர் அங்கே போவார். அப்படிப் போனவன் நான். தங்குவதற்கு அக்ரஹாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த மகன். தாத்தா காலத்திலேயே உத்தியோகத்துக்காக வந்து தங்கிவிட்டவர்கள். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்கள். என் தமிழைக் கேட்டால் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

தை நெருங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே அதற்குச் சங்கராந்தி என்று பெயர். எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். அந்த வீட்டில் பொங்கலும் உண்டு, ஆனால் சமையலறைக்குள்ளேயே முடிந்துவிடும். எங்கள் ஊர் வழக்கப்படி முற்றத்தில் ஒரு பானை வைக்கட்டுமா என்று அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்துப் புதுப்பானையும் வாங்கி வைத்தார். பெரியவரும் மறுக்கவில்லை. மகனுக்கு வேலை போட்டுத் தரக்கூடிய அதிகாரி ஒருவர் அன்று விருந்துக்கு வருவதாக இருந்தது. சிலோன் பையன் பொங்குவதை அவருக்கு வேடிக்கை காட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

பொங்கலன்று காலையில் வீடு பெருக்க வரும் பெண் முற்றத்தைச் சாணமிட்டு மெழுகித் தந்தாள். உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக மாவால் நான் சதுரம் போட்டதை இடுப்பில் கை வைத்தபடி நின்று பார்த்தாள். ஆண்பிள்ளை கோலம் போடுவதை அவள் கண்டதில்லையாம். மூன்று கல் வைத்து, விறகு அடுக்கி, அரிசி எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன்.

மூட்டையை நகர்த்தியபோது அதன் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. மைசூரில் சில மாதம் இருந்த எனக்கே அது என்னவென்று தெரியும். பிளேக். வீட்டில் எலி செத்து விழுந்தால் உடனே முனிசிபாலிட்டிக்குச் சொல்லிவிட்டு, வீட்டைக் காலி செய்து, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும்.

பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். முகத்தில் அதிர்ச்சியே இல்லை. இடுக்கியால் அதன் வாலைப் பிடித்துத் தூக்கிப்போய், வெந்நீர் அடுப்பின் நெருப்பில் போட்டார்.

"இது மூணாவது தம்பி. ஹப்ப முடியட்டும். நாளைக்குக் காத்தாலே ஷெட்டுக்குப் போயிடலாம்" என்றார். பண்டிகையைக் கன்னடத்தில் ஹப்ப என்பார்கள்.

மற்ற இரண்டையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பெருக்குகிறவள் அள்ளிப் போட்டாள் என்றார். எதனால் அள்ளினாள் என்று கேட்கத் தேவையில்லை. அந்த வீட்டில் குப்பையை அவள் கையால்தான் அள்ளுவாள். எங்களுக்கெல்லாம் முந்தின மாதமே தடுப்பூசி போட்டாகியிருந்தது. அவளுக்குப் போட்டாயிற்றா என்றேன். அவர் இடுக்கியைக் கழுவப் போய்விட்டார்.

மயிர் பொசுங்கும் நாற்றமும் சமையலறையில் வெல்லம் காயும் வாசனையும் ஒன்றாக வந்தன. அந்த அம்மா அதே மூட்டையில் படியை விட்டு அரிசி எடுத்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் அடுப்பு மூட்டவில்லை.

அதிகாரி வண்டியிலிருந்து இறங்கியபோது வாசலில் போய் நின்றேன். சரிகைத் தலைப்பாகை, சிரித்த முகம். "ஐயா, உள்ளுக்குப் போகாதேங்கோ. இந்த வீட்டிலை எலி செத்துக் கிடந்தது" என்றேன்.

அவர் சிரிப்பு மாறவில்லை. என் தோளில் கை வைத்துக் காதருகே குனிந்தார்.

"நம்ம வீட்டிலயும் நேத்து ஒண்ணு விழுந்துது. ஹப்பத்தன்னிக்கு இதெல்லாம் பேசப்படாது."

சொல்லிவிட்டு உள்ளே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சர்க்கரைப் பொங்கலை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் கை பட்ட தோளைச் சட்டை நனையும்வரை கிணற்றடியில் தேய்த்துக் கழுவினேன்.

துணிப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே கல்லூரி விடுதிக் காப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாலையே ஆட்கள் வந்து வீட்டைப் பூட்டி, குடும்பத்தைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அதிகாரி வீட்டைப் பற்றியும் சொல்லியிருந்தேன். அங்கே யாராவது போனார்களா என்பது எனக்குத் தெரியவே இல்லை.

சில நாள் கழித்து, நான் விட்டுவந்த புத்தகங்களை எடுத்துப் போகும்படி அந்த அம்மா ஆள் அனுப்பினார். கொட்டகைக்குப் போனேன். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. பெருக்குகிறவளுக்குக் காய்ச்சல் கண்டு, அக்குளில் கட்டி கிளம்பி, நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்களாம். போன மறுநாளே செத்துவிட்டாளாம்.

"அவ குடிசையில எலி இல்லாமலா இருக்கும்? அங்கேதான் ஒட்டியிருக்கும்" என்றார் பெரியவர், கட்டிலில் உட்கார்ந்தபடியே.

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போது மகன் ஒரு தட்டு மைசூர்ப்பாகோடு வந்தான். வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டதாம். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, முதல் துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். அவன் விரல்களில் நெய் பளபளத்தது. புத்தகங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சாலையோரத்துப் புளியமரத்தடியில் வாந்தியெடுத்தேன்.

புத்தகங்களை விடுதி மாடியில் வெயிலில் விரித்து வைத்தேன். பல நாள் காய்ந்த பிறகும் அவற்றைக் கையில் எடுக்க மனம் கூசியது.