இன்ச்சு வீட்டுச் சேவலின் ஐந்தாவது விரல்

எங்கள் தெருவில் தையற்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்ச்சு என்றால்தான் தெரியும். தோளில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. அவருடைய வீட்டு மாடியில் குடியிருப்பவன் நான். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவருடைய கோழிக்கொட்டகை. நானே பார்த்ததையும் அந்த வீட்டார் வாயால் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதவில்லை.

ஒரு கோடையில் சீக்கு வந்து தெருவிலிருந்த கோழிகளெல்லாம் செத்தன. இன்ச்சுவின் கொட்டகையில் மட்டும் ஒரு பெட்டையும் ஒரு சேவலும் பிழைத்தன. கோழிக்குக் காலில் நான்கு விரல்தான் வழக்கம். அந்தப் பெட்டைக்கு ஐந்து. பிறகு கொட்டகை நிறைந்தது அந்த ஜோடியின் வாரிசுகளால்தான். "சீக்கையே ஜெயிச்ச ரத்தம்" என்பார். வேறு கோழியை வாசல் தாண்ட விடமாட்டார்.

அப்படி வந்த சிவப்புச் சேவல்தான் துரை. வீட்டு முன்னறைக் கடையில் அவர் தைக்கும்போது மெஷின் மேஜையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொட்டகையில் அதற்கு யார் அக்கா, யார் மகள் என்று முறை சொல்ல முடியாது. எல்லாரும் எல்லாமுமாக இருந்தார்கள்.

பிறகு அடை வைத்த முட்டைகள் பாதிக்கு மேல் கூமுட்டையாயின. பொரித்த குஞ்சுகளில் சிலவற்றுக்கு மேலலகு ஒரு பக்கமும் கீழலகு ஒரு பக்கமும் கோணியிருந்தது. தானியத்தைக் கொத்த முடியாமல் அவை செத்தன. கொட்டகை காலியாகிக்கொண்டே வந்தது. இன்ச்சு தூங்குவதில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். ஒருநாள் கணவரிடமே பேச்சை எடுத்தார்.

"அப்பனும் அதுதான், மாப்பிள்ளையும் அதுதான்னா குடும்பம் எப்படிங்க விளங்கும்? வெளியிலேர்ந்து ஒரு சேவல் கொண்டாங்க."

"அது சீக்கு கொண்டுவந்தா? மொத்தமும் போயிடும்."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? தவணை முறையில போகுது."

கடைசியில் இன்ச்சு இரண்டு பஸ் மாறித் தன் அக்கா வீட்டுக்குப் போய், ஒரு கறுப்புச் சேவலைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பையை அவிழ்த்துக் காலைக் கழுவும்போது கை நின்றுவிட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இதுக்கு அஞ்சு விரல் இருக்கு."

"இருக்காதா பின்ன? நீதானேடா முன்ன முட்டை குடுத்துவிட்ட! உன் வீட்டுப் புள்ளைதான். உனக்குப் போயி கண்டதையும் குடுப்பேனா?"

அவர் மனைவி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்ச்சு சிரிக்கவில்லை. மறுநாளே அந்தச் சேவலைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்.

அந்த வாரம் செங்கல் சூளைக் காவல்காரர் தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்க வந்தார். பேச்சு கோழிக்குத் திரும்பியது.

"என் வீட்டுலயும் இதே கதைதான் அண்ணே. குஞ்சு தங்கவே மாட்டேங்குது. சேவலுக்குச் சேவல் மாத்திக்குவோமா?"

மேஜை ஓரத்தில் துரை கண்மூடி உட்கார்ந்திருந்தது. அன்று இன்ச்சு வெட்டிய சட்டைக்கு ஒரு கை குட்டையாகப் போயிற்று. இத்தனை வருடத்தில் அப்படி நடந்து நான் கண்டதில்லை. மறுநாள் காலையில் துரையை அவரே தூக்கிக்கொண்டு சூளைக்குப் போனார்.

பதிலுக்கு வந்த சேவலுக்குப் பிறவியிலேயே கழுத்தில் ஒரு இறகுகூட இல்லை.

"என்னங்க இது, பாதி உரிச்சதைக் குடுத்து அனுப்பிட்டாரு?"

"விடு. ஒரு காலர் வெச்சுத் தைச்சுடறேன்."

சீக்குக்குப் பயந்து, மூன்று வாரம் அதைத் தனியே கடைக்குள் வெட்டுமேஜைக்கு அடியில் கூண்டிலேயே வைத்திருந்தார். துரை போன பிறகும் பெட்டையின் வயிற்றில் அதன் வித்து சில வாரம் தங்கும் என்று காவல்காரர் சொல்லியிருந்ததால், அதுவரை இட்ட முட்டைகளையெல்லாம் சமையலுக்கே எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேவலைக் கொட்டகையில் விட்டு, மேலும் சில நாள் பொறுத்துத்தான் அடை வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து என்னைக் கீழே கூப்பிட்டார். கடையை இருட்டாக்கி, தையல் மெஷின் விளக்கின்மேல் முட்டையைப் பிடித்தார். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய சிவப்பு நரம்புகள் நாலாபக்கமும் ஓடின. நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தது. அடுத்த முட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பெட்டைகள் அதேதான், தீவனமும் அதேதான். வெளியாள் ஒன்று வந்தது, அவ்வளவுதான். இந்த உயிர் இவ்வளவு நாளும் எதற்காகக் காத்திருந்தது?

அடை வைத்த பதினொரு முட்டைகளும் பொரித்தன. சிலவற்றுக்கு வெறுங்கழுத்து, சிலவற்றுக்கு ஐந்து விரல், ஒன்றுக்கு இரண்டும். அலகு எல்லாவற்றுக்கும் நேர்.

சில நாளில் காவல்காரர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து மேஜைமேல் விட்டார்.

"துரையோட மவன். ஒரு முட்டைகூடக் கெடலை அண்ணே."

இங்கே முடிந்துகொண்டிருந்த ரத்தம் அங்கே புது ரத்தம். இன்ச்சு குனிந்து குஞ்சின் விரல்களை எண்ணினார். ஐந்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை நாமளே வெச்சுக்கலாங்க. துரை ஞாபகமா இருக்கும்," என்றார் மனைவி.

இன்ச்சு குஞ்சை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, காவல்காரரின் சட்டைப் பைக்குள் மெல்ல இறக்கினார்.

"வேணாம். இது நம்ம புள்ளை. அங்கேயே இருக்கட்டும்."