அத்தை போடாத கையெழுத்து

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் கைப்பையை நேராகச் சமையலறையில் கொண்டுபோய் வைப்பாள். கூடத்தில் வைப்பது விருந்தாளிகளின் வழக்கமாம். பிறகு மூடியிருக்கும் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். "என்னா அண்ணி, கொழம்புல உப்பு கம்மியா? வாசனையே சொல்லுதே" என்பாள். அம்மாவின் முகம் சுருங்கும். ஆனாலும் கரண்டியை அவளிடமே கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வாள்.

சிதம்பரத்தில், தேர் ஓடும் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. உயில் எழுதாமலே இறந்துபோனார். வாரிசுகள் அப்பாவும் அத்தையும் மட்டும்தான். சட்டப்படி ஆளுக்குப் பாதி. இது இருவருக்குமே தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்து, ஆண்டு தவறாமல் பொங்கல் சீர் கொண்டுபோனால் வீடு அண்ணனுடையது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். என்றாவது ஒருநாள் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை விட்டுக்கொடுப்பாள்.

அப்பா அதைக் கேட்கப் போனதும் ஒரு பொங்கல் சீரோடுதான். அத்தையின் வீடு கடலூர் முதுநகரில். கரும்பைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். சீர்த் தட்டில் புடவைக்கு அடியில் பத்திரத்தை வைத்திருந்தார் அப்பா. அத்தை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, தரையைப் பார்த்தபடி அவர் விஷயத்தைச் சொன்னார்.

"இத சொல்ல இவ்ளோ நேரமா? அண்ணி சொல்லி அனுப்புனாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நாளைக்குப் புள்ளைங்களுக்குள்ள எதுவும் வந்துடக் கூடாது பாரு."

"அண்ணே, அந்த வூட்ல ஒரு செங்கல்லு கூட எனக்கு வாணாம். ஆனா கையெழுத்து போட மாட்டேன். எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எந்த உரிமைல வந்து சட்டியத் தொறந்து பாப்பேன்? பைய கூடத்துலதான் வைக்கணும்."

அப்பா சிரித்துவிட்டார். "சரி வுடு. நீயும் போடாத, நானும் கேக்கல." திரும்பும் பஸ்ஸில் அவர் முகம் தெளிவாக இருந்தது. தங்கை வீட்டை விட்டுப் போகவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

முதலில் அப்பா போனார். சில ஆண்டுகளில் அத்தையும் போனாள். அவளுடைய பாதி அவளின் ஒரே மகனுக்கு, என் மச்சானுக்கு வந்தது. அவன் மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டது. போன் செய்தான். "மொதல்ல உன்னத்தான் கேக்குறேன் மச்சான். என் பாதிய நீயே எடுத்துக்க. வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல." வங்கி வங்கியாக ஏறி இறங்கினேன். பாகம் பிரியாத வீட்டின்மேல் கடன் தர முடியாது என்றார்கள். பையனின் உடம்பு காத்திருக்கவில்லை. மச்சான் தன் பாதியை ஒரு கடைக்காரருக்கு விற்றான். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் விற்றிருப்பேன்.

கடைக்காரர் பாகம் பிரிக்கக் கேட்டு வழக்குப் போட்டார். வீட்டை அளக்க நீதிமன்றம் ஒரு இளம் பெண் வக்கீலை அனுப்பியது. சர்வேயர் கூடத்தில் தொடங்கிச் சமையலறை வரை சாக்பீஸால் கோடு இழுத்தார். அந்தப் பெண் என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "குறுகலான வீடுங்க சார். நடுவுல சுவர் வெச்சா ரெண்டு பக்கமும் ஆள் குடியிருக்க முடியாது." பிரிக்க முடியாத வீடு என்று அவள் அறிக்கை கொடுத்தாள். வெளியாளின் பாதியைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம் என்று நீதிமன்றமும் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. மறுபடியும் வங்கிக்குப் போனேன். இப்போது, வழக்கில் இருக்கும் வீடு என்றார்கள். கடைசியில் ஏலம்தான் என்று உத்தரவானது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, சாட்சி சொல்ல மச்சான் கடலூர் கோர்ட்டுக்கு வந்த அன்று, என்னை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனான். "குடி மச்சான். காலைல ஒண்ணும் சாப்டாம கெளம்பியிருப்ப." குடித்தேன். பையன் எப்படியிருக்கிறான் என்று கேட்டேன். பரவாயில்லை என்றான். கோபப்பட ஆளில்லாத கஷ்டம் எவ்வளவு கனமானது என்று அன்றுதான் தெரிந்தது.

சட்டத்தைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தம்பிக்குச் சமமாக அவளுக்கும் பங்கு வேண்டும் என்றுதான் நினைத்தேன். இருவருக்கும் பாதிப் பாதியாக உயில் எழுத வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏலத்தில் எங்கள் பாதிக்கு வந்ததை வைத்து இந்த ஊரில் ஒரு மனைகூட வாங்க முடியாது.

போன வாரம் வீட்டைக் காலி செய்தோம். பிள்ளைகள் இருவரும் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து மகள் சொன்னாள்:

"விடுப்பா. இனிமே எனக்கும் தம்பிக்கும் சண்டையே வராது. பாகம் பிரிக்க வீடே இல்லயே."

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அவள் தம்பியும் சிரித்தான். சாக்கின் வாயைக் கட்ட நான் கயிற்றை வாங்கினேன். இரண்டு முறை போட்டும் முடிச்சு நிற்கவில்லை. அவள் அதை வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டு, அடுத்த சாக்கை எடுக்கப் போனாள்.