பூட்டில் தொங்கிய என் போட்டோ

நான்கு வருடங்களுக்கு முன்னால், பொன்னேரி பக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது என் மனைவியின் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரியும்.

எங்கள் மனைக்குப் பின்னால் இன்னொரு வீடு. அதில் இருப்பவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், வேறொரு கம்பெனியில் என்னைப் போலவே வேலை. என் மனையின் மேற்கு ஓரத்தில் மூன்றடி அகலம் மண்தரையாகவே கிடந்தது. தெருவிலிருந்து அவர் வீட்டுக்கு ஊராட்சித் தண்ணீர்க் குழாய் அதற்கு அடியில்தான் போகிறது. எனக்கோ அங்கே பைக் நிறுத்த ஒரு ஷெட் போட ஆசை. ஒரு சனிக்கிழமை பார்த்தால், குழாய் கசிகிறது என்று மனுஷன் கடப்பாரையோடு தோண்டிக்கொண்டிருக்கிறார். மறுநாள் என் மகளுக்கு வளைகாப்பு. பொதட்டூர்பேட்டையிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. அவர்கள் பார்க்கிறார்கள் என்றதும் என் குரல் தானாகவே ஏறிவிட்டது. என் இடத்தில் தோண்ட நீ யார் என்று பிடித்துக்கொண்டேன். பத்திரத்தில் இருக்கிறது என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் பேசவிட்டால்தானே? குழாயையே பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டேனா? கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குள் இறங்கிப் பழுது பார்ப்பதற்கு முன், சுவிட்சை அணைத்து அதன் மேல் சிவப்புப் பூட்டுப் போட்டுவிடுவோம். ‘இயக்காதே, ஆள் உள்ளே இருக்கிறார்’ என்று ஓர் அட்டை, அதில் பூட்டியவரின் போட்டோ. சாவி அவர் சட்டைப் பையில். முதலாளியே வந்தாலும் அந்தப் பூட்டில் கை வைக்க முடியாது. என் பைக்குள் கிடந்த அந்தப் பூட்டை எடுத்துவந்து, குழாயின் வால்வை மூடி, சங்கிலி சுற்றிப் பூட்டி, அட்டையையும் மாட்டிவிட்டேன்.

ஞாயிறு விடிந்ததும் கம்பெனியிலிருந்து போன். மெஷின் நின்றுவிட்டதாம். சம்பந்தி வீட்டார் பத்து மணிக்குத்தான் வருவார்கள், அதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, கேட்டிலேயே கொடுத்துவிட்டேன். வால்வுப் பூட்டின் சாவி மட்டும் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலேயே இருந்தது.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. காலை ஏழிலிருந்து எட்டு வரை வரும் ஊராட்சித் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். தொட்டியை முதல் நாளே விருந்தாளிகள் காலி செய்திருந்தார்கள். மகள் தலையில் எண்ணெயோடு காத்திருக்கிறாள், சமையல்காரர் அரிசியை அளந்து வைத்திருக்கிறார், குழாயைத் திறந்தால் வெறும் காற்று.

அப்புறம்தான் பின்வீட்டுக்காரர் என் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் தண்ணீர் அதே குழாயிலிருந்துதான் வருகிறதாம். வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வால்வைச் சுற்றி நின்று என் போட்டோவைப் பார்த்தார்களாம். என் மனைவி அந்தப் போட்டோவிடம் பத்து நிமிஷம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மச்சான் ரம்பத்தோடு வர, பின்வீட்டுக்காரர் குறுக்கே நின்றுவிட்டார்.

“அறுக்காதீங்கண்ணே. எங்க கம்பெனில ஒருத்தரு இப்டித்தான் பூட்ட அறுத்தாரு. உள்ள இருந்தவருக்கு ரெண்டு விரலு போச்சு. பூட்டுனவரு வந்துதான் தொறக்கணும்.”

தண்ணீர்க் குழாய்க்குள் யாரய்யா இருக்கிறார்கள் என்று மச்சான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிட்டார்.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்களே என்று கம்பெனி கேட்டுக்குப் போனால் அவர் நிற்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவரோ, “சாவிய எடுத்துக்கினு ஏறுங்கண்ணே, பொண்ணு தலைல எண்ணெயோட குந்தினுகீது” என்றார்.

போகிற வழியில் எல்லாம் சொன்னார். வீடு கட்டும்போது தெருவைத் தோண்டச் சோம்பல்பட்ட பிளம்பர், இவரைக் கேட்டு இவர் குழாயிலிருந்தே எங்களுக்குக் கிளை எடுத்திருக்கிறார். அன்று நான் ஷிப்டில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

“ஏம்பா இத முன்னாடியே சொல்லல?”

“நீங்க எங்கண்ணே சொல்ல உட்டீங்க?”

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து இறங்கினோம். அத்தனை பேர் பார்வைக்கு நடுவே சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. ஒருவழியாகத் திறந்ததும், அவர் ஓடிப்போய்த் தன் வீட்டுக் குழாயை மூடினார். வந்த பத்து நிமிஷத் தண்ணீரும் எங்களுக்கே வந்தது. வளைகாப்பு நின்றுபோகாமல் நடந்தது. அவரும் மனைவியும் உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு, முடி விறைத்துப்போய் வந்து என் மகளுக்கு வளையல் போட்டார்கள்.

மறுநாள் லீவு போட்டுப் பத்திரத்தைப் படித்தேன். நாலாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அந்த மூன்றடியில் குழாய் கொண்டுபோகவும் வந்து பழுது பார்க்கவும் அவருக்கு உரிமை. அதில் எதுவும் கட்டாமல் விட வேண்டியது என் கடமை. தோண்டினால் குழியை மூடிச் சரிசெய்ய வேண்டியது அவர் கடமை. சண்டை போட்ட அன்றும் அவர் குழியை மூடிச் சமன் செய்துவிட்டுத்தான் போயிருந்தார். பத்திரத்தைப் படித்த அன்றே, அந்தக் கசிவைச் சரிசெய்யக் கடப்பாரை பிடித்தது நான்.

ஓர் உயிரைக் காப்பாற்றப் போடும் பூட்டை நான் வீம்புக்குப் போட்டேன். வீம்பு என்று தெரிந்தும் அவர் அந்தப் பூட்டை மதித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.