நண்டும் பாசியும் தேவராஜும்

நண்டு பிடிப்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்கு கொடுக்குத் தழும்பேறிய என் பத்து விரலையும் காட்டுவேன். அதே தொழிலில் இருக்கிற உங்களுக்குக் காட்டத் தேவையில்லை.

வாளியில் விழுந்தவை

மரக்காணம் கழியில், அதாவது கடலோரக் காயலில், மீன் தலையை இரையாகக் கட்டி நண்டு வளையம் போடுகிறவன் நான். கோடையில் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருவேன். சுனாமி வந்த மறு வருஷம், காலேஜ் டீச்சரம்மா ஒருவர் வந்து என் படகை வாடகைக்குக் கேட்டார். கழியின் அடியில் சிப்பி ஓடுகளைப் பிடித்துக்கொண்டு புதர் புதராய் வளர்ந்திருந்த பாசியைப் பார்க்க வேண்டுமாம். வளையத்தில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்குகிற குப்பை என்று சொன்னேன்.

அந்தம்மா ஒரு பிடிப் பாசியை எடுத்து வெள்ளை வாளித் தண்ணீரில் அலசினார். பொடி இறால், நத்தை, புழு, நகத்தளவு நண்டுக் குஞ்சு எல்லாம் கொட்டின. ஒன்றையும் கொல்லாமல் திரும்பக் கழியிலேயே ஊற்றிவிட்டுச் சொன்னார்: "இதுங்க ஒளியறதும் திங்கறதும் இதுலதாங்க ஐயா. நாளைக்கு உங்க வளையத்துல ஏறப்போற நண்டைப் போயி குப்பைன்னு சொல்றீங்களே?"

பட்டா

அடுத்த மாதமே என் மனைவியின் தம்பி தேவராஜ் ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தான். காய்ந்த பாசியை மூட்டை மூட்டையாய் எடுத்துக்கொள்வாராம். படகும் வலையும் கடலோடு போன குடும்பங்கள் நிறைய. எல்லாரும் பாசி இழுக்கும் வாரியைத் தூக்கிக்கொண்டு கழியில் இறங்கினார்கள்.

அடியோடு வாராதீர்கள், நண்டு போய்விடும் என்று நான் ஒருவன்தான் சொன்னேன். தேவராஜ் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, ஊர் சிரிக்கிற மாதிரி கேட்டான்: "ஏன் மாமா, பாசிக்கு உன் பேர்ல பட்டா போட்டு வச்சிருக்கியா?"

அதை நான் இன்னும் மறக்கவில்லை.

சுத்தம்

வியாபாரிக்குப் பூச்சி, நத்தை இல்லாத பாசி வேண்டும். ஆரம்பத்தில் கழி ஓரத்திலேயே போட்டு உதறினார்கள். உதிர்ந்ததில் பாதி நடந்தும் துள்ளியும் தண்ணீருக்குப் போய்விடும். தேவராஜ் கையெல்லாம் சிப்பி கீறி, ஒரு மூட்டைக்கு அரை நாள் திணறினான். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு கட்டுப் பாசியைத் தூக்கிப் போய், உப்பளத்தில் உப்பு இறங்கப்போகிற பாத்தியின் கெட்டித் தண்ணீரில் முக்கினேன். எண்ணிப் பத்து மூச்சுகூட ஆகவில்லை. பாசிக்குள் இருந்த அத்தனையும் பிடியை விட்டு உதிர்ந்து, அடியில் போய்க் கிடந்தன. ஒன்றுகூட நடக்கவில்லை. மறுநாளிலிருந்து ஊரே அந்தப் பாத்தியில்தான் முக்கியது. வியாபாரி என் தோளைத் தட்டினார்: "பெரியவரே, மூளைக்காரர் நீங்க! ஒரு புழு இல்லாம வந்துடுச்சே!"

வெட்கக்கேடு, அன்றைக்கு அது எனக்கு இனித்தது.

மீன் தலை

மறு வருஷம் கழியின் அடி மொட்டைச் சேறு. பாசியும் முடிந்தது, வியாபாரியும் வரவில்லை. வளையத்தில் கட்டிய மீன் தலை, போட்டது போட்டபடியே மேலே வந்தது. கூனிமேட்டிலிருந்து வழக்கமாக நண்டு வாங்க வருகிற பாய் நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் கூடைக்குள் எட்டிப் பார்த்தவர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "என்னா பெரியவரே, இந்த மீன் தலையத்தான் வாங்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

பஸ் நிறுத்தம்

தேவராஜ் இப்போது ஆரோவில்லில் தோட்ட வேலைக்குப் போகிறான். ஒரு காலையில் பஸ்ஸுக்கு நின்றவனைப் பிடித்து, ஒரு வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். கழியைக் கெடுத்தவனே நீதான்டா என்றேன். அவன் கோபப்படவில்லை. பஸ்ஸில் ஏறி, படியில் நின்று, மெதுவாகத்தான் கேட்டான்: "பாசியை வித்தது நான்தான் மாமா, இல்லேன்னு சொல்லல. உப்புத் தண்ணியில முக்கினது யாரு?"

அன்றிலிருந்து தேவராஜ் இருக்கும் பக்கம் நான் போவதில்லை. நான் இருக்கும் பக்கம் நண்டு வருவதில்லை.